எம்சிஎஃப்-7, எம்சிஎஃப்-10ஏ: இடையில் கூடிக்குறையும் புரதங்கள் எல்லாம் புற்றுநோய் அடையாளமா?

உப்புவெளி மாணவி:
வணக்கம். இறுதி வருட உயிரியல் மாணவி நான், விடுமுறைக்குத் திருகோணமலை வந்து வீட்டில் இருந்தே ஆய்வுத்திட்டத்தைச் செய்கிறேன். மார்புப் புற்றுநோய்க் கலத்தைச் சாதாரண கலத்திலிருந்து பிரித்துக் காட்டும் புரதங்களைத் தேடுவதுதான் தலைப்பு. புரதங்களை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி எங்களுக்கு எட்டாது, அதனால் பிரைட் என்ற புரதத் தரவுத் தளத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் தரவை இறக்கி, எம்சிஎஃப்-7 என்ற மார்புப் புற்றுநோய்க் கலங்களை, புற்றுநோயல்லாத மார்புக் கலமான எம்சிஎஃப்-10ஏ உடன் ஒப்பிட்டேன். ஐயாயிரம் புரதங்களில் பல நூறுக்கு பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்துவிட்டது. கெரட்டின் 8உம் 18உம் எம்சிஎஃப்-7இல் எக்கச்சக்கம், கெரட்டின் 5உம் விமென்டினும் 10ஏயில்தான் நிறைய. இவற்றைப் பயோமார்க்கர் (நோயைக் காட்டும் அடையாளம்) என்று எழுதலாமா? என் சித்திக்குக் கட்டி தெரிய வந்தபோது அது நிணநீர்க்கணுவுக்குப் போய்விட்டது, அதனால் இது எனக்கு வெறும் புள்ளிக்கான வேலை இல்லை. இரத்தத்தில் பார்க்கக்கூடிய புரதம் ஏதாவது இதிலிருந்து வருமா?

கொட்டியாரக் கரை:
தங்கச்சி, கெரட்டினை எழுதாதீர்கள். பால்குழாயில் இரண்டு அடுக்குக் கலங்கள் இருக்கின்றன. உள்ளடுக்குக் கலங்களில் கெரட்டின் 8, 18. வெளியடுக்கில் கெரட்டின் 5, 14. எம்சிஎஃப்-7 உள்ளடுக்குச் சாயல், ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம் உள்ளது. 10ஏ வெளியடுக்குச் சாயல், ஏற்பி கிடையாது. அப்போ நீங்கள் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி எந்த அடுக்கு என்ற வித்தியாசம்தான், நோயின் வித்தியாசம் இல்லை. கெரட்டின் 8 ஆரோக்கியமான பெண்ணின் பால்குழாயிலும் தாராளமாக இருக்கிறது.

இன்னொன்று, 10ஏயைச் சாதாரண கலம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஆனால் அது கலப்பெருக்கத்தைத் தடுக்கும் பி16 பரம்பரையலகை இழந்து முடிவில்லாமல் பெருகும் கலம். அதை வளர்ப்பது குதிரைச் சீரம், இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, இன்சுலின், கொலரா நச்சு கலந்த ஊடகத்தில். எம்சிஎஃப்-7ஐப் பெரும்பாலும் மாட்டுக்கன்றுச் சீரத்தில். சாப்பாடு மாறினாலே பல புரதங்கள் கூடிக் குறையும். அப்புறம் ஐயாயிரம் புரதத்துக்கு 0.05 வைத்தால் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் 250 தற்செயலாகவே வந்து நிற்கும், இப்படித் தற்செயலாக வருவதைக் கட்டுப்படுத்தும் பென்ஜமினி-ஹொக்பெர்க் திருத்தம் போடாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். எஸ்கே-பிஆர்-3, எம்டிஏ-எம்பி-231 என்ற வேறு இரண்டு மார்புப் புற்றுநோய்க் கலங்களையும் சேர்த்துப் பாருங்கள் (எம்டிஏ-எம்பி-435 வேண்டாம், மார்பு என்று நம்பி பல வருடம் ஆய்வு செய்த பிறகு அது தோல் மெலனோமா என்று தெரிய வந்தது). மிஞ்சுவதை சிப்டாக் என்ற அமெரிக்கப் புற்றுநோய்ப் புரத ஆய்வுக் குழு 2016இல் வெளியிட்ட நோயாளிகளின் கட்டித் தரவில் தேடிப் பாருங்கள், அங்கேயும் நிற்கிறவை கொஞ்சம்தான் இருக்கும், அந்தக் கொஞ்சம்தான் உங்கள் ஆய்வு.

தம்பலகாமம்:
நான் ஹிஸ்டோலொஜி (இழையங்களைச் சாயமிட்டுப் பார்க்கும்) லாப்பில் வேலை செய்பவள், மைக்ரோஸ்கோப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் பிள்ளை. புற்றுநோய்க்கு மட்டுமே உரிய புரதம் என்று ஒன்றைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஹெர்2 என்ற ஏற்பிப் புரதம் சாதாரண கலத்திலும் கொஞ்சம் இருக்கிறது, சில கட்டிகளில் அளவுதான் பல மடங்கு. ஹெர்2 சாயம் மிக உயர்ந்த 3+ மதிப்பில் வந்த சிலைட்டில் ஒவ்வொரு கலத்தின் விளிம்பையும் சுற்றி அடர்ந்த மண்ணிற வளையம், நடுவில் வெளிறிய நீலக் கரு. அதே சிலைட்டில் பக்கத்திலுள்ள நல்ல பால்குழாய் நிறமே பிடிக்காமல் இருக்க வேண்டும், அதுவும் மண்ணிறமானால் சாயமிட்டது பிழை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நல்ல குழாயிலும் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும். அதைப் பார்ப்பது புற்றுநோயா என்று அறிய இல்லை, தமொக்சிபன் மருந்து பலிக்குமா என்று அறியத்தான்.

கட்டி குழாயை உடைத்து வெளியேறிவிட்டதா என்பதை எங்களுக்குச் சொல்லும் பி63 என்ற புரதம் வேறு மாதிரி. அது குழாயைச் சுற்றியுள்ள வெளியடுக்குக் கலங்களின் கருவில் இருக்கிறது, பரவத் தொடங்கிய இடத்தில் அந்த அடுக்கே காணாமல் போய்விடுகிறது. அதனால் உங்கள் பட்டியலில் குறைந்து போனவற்றையும் பாருங்கள். ஆனால் முழு இழையத் தரவில் ஒரு சிக்கல், சாதாரண மார்பில் கொழுப்பு அதிகம், கொழுப்புக் கலத்திலுள்ள பெரிலிபின் புரதம் குறைந்தால் கொழுப்புக் குறைந்தது என்றுதான் அர்த்தம்.

உப்புவெளி மாணவி:
அண்ணா, அக்கா, மிக்க நன்றி. திருத்தம் போட்டதும் பட்டியல் நன்றாகச் சுருங்கிவிட்டது. எம்யூசி1 என்ற புரதம் இன்னும் நிற்கிறது. அது சிஏ 15-3 இரத்தச் சோதனையில் பார்ப்பதுதானே, அப்படியென்றால் அதை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாதா?

தம்பலகாமம்:
அதேதான், ஆனால் முடியாது பிள்ளை. நல்ல கலத்தில் எம்யூசி1 குழாயின் உள்வெளியைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும், கட்டியில் அந்த ஒழுங்கு குலைந்து கலம் முழுக்கப் பரவி இரத்தத்துக்கும் வருகிறது. ஆனால் சின்னக் கட்டியிலிருந்து வருவது மிகச் சொற்பம், ஆரம்ப நிலையில் பெரும்பாலானோருக்கு சிஏ 15-3 சாதாரணமாகவே இருக்கும், ஈரல் நோய் இருந்தாலும் கூடும். அதனால்தான் பரவிய நோய்க்கு மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க மட்டும் எடுக்கிறார்கள். இரத்தத் திரவத்திலுள்ள (பிளாஸ்மா) புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின், அதற்குள் இப்படி ஒன்றைத் தேடுவது லேசு இல்லை. சித்தியின் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் இரத்தச் சோதனைக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

கொட்டியாரக் கரை:
அக்கா சொன்ன அந்த இட மாற்றம் உங்கள் மாஸ் ஸ்பெக் எண்ணில் தெரியவே தெரியாது, கலத்தை உடைத்துக் கரைத்துவிட்டுத்தானே அளக்கிறார்கள். ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் இணையத்தளத்தில் எம்யூசி1 என்று போட்டு, சாதாரண மார்புப் படத்தையும் மார்புப் புற்றுநோய்ப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள், இலவசம்தான். இரண்டும் ஒரே அன்டிபொடியால் (புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரி) சாயமிட்டவையா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட வேண்டாம்.