கவுன்டருக்கு வெளி ரெஃபரன்ஸ்: ஓசிஎக்ஸ்ஓ போதுமா, ரூபிடியம் வாங்கணுமா?

ஈயக்கம்பி:
வணக்கம் மக்களே. பழைய ஃப்ரீக்வென்சி கவுன்டர் ஒண்ணு, சிக்னல் ஜெனரேட்டர் ஒண்ணு இருக்கு, ரெண்டுக்கும் பொதுவா ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டுக்க ஒரு துல்லியமான சிக்னல்) குடுக்கணும். உள்ள இருக்கிறது 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலைக்கு ஏத்தபடி திருத்திக்கிற கிரிஸ்டல் ஆசிலேட்டர்), அதாவது 10 மெகால 10 ஹெர்ட்ஸ் வரைக்கும் தள்ளிப்போகலாம். ஓசிஎக்ஸ்ஓ (சூடு மாறாத பெட்டிக்குள்ள வச்ச கிரிஸ்டல் ஆசிலேட்டர்) போதுமா, இல்ல டெலிகாம்ல கழட்டின ரூபிடியம் (அணுக்கடிகார வகை) விக்கிறாங்க, நேரா அதையே வாங்கிடவா?

டிரிம்பாட்:
என்ன அளக்கப்போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க பாஸ். ரூபிடியம் நாள்கணக்கா நகராம நிக்கும்தான், ஆனா பழசுல உள்ள இருக்கிற ரூபிடியம் விளக்கு எவ்ளோ நாள் எரிஞ்சிருக்கும்னு யாருக்கும் தெரியாது, சூடும் நல்லா ஆகும், ஹீட்சிங்க் இல்லாம ஓட்டக்கூடாது. இன்னொண்ணு, ஜெனரேட்டருக்கு ஃபேஸ் நாய்ஸ் (சிக்னல்ல இருக்கிற சின்னச் சின்ன நடுக்கம்) முக்கியம். 10 மெகாவ 1 கிகாவுக்குப் பெருக்கினா நாய்ஸ் 40 டிபி ஏறும், அந்த விஷயத்துல மலிவு ரூபிடியத்த விட நல்ல எஸ்சி கட் (கிரிஸ்டல வெட்டுற ஒரு வகை) ஓசிஎக்ஸ்ஓ பெரும்பாலும் சுத்தமா இருக்கும். என் ஓட்டு ஓசிஎக்ஸ்ஓவுக்கு.

மொட்டமாடி ஆன்டெனா:
ஓசிஎக்ஸ்ஓ தனியா இருந்தா வயசாக ஆக நகரும், எதோட ஒப்பிட்டு திருத்துவீங்க? ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ்ஸ பாத்து தன்னையே திருத்திக்கிற ஆசிலேட்டர்) போடுங்க, அதுக்குள்ளயும் ஓசிஎக்ஸ்ஓ தான். ஜிபிஎஸ் செகண்டுக்கு ஒருதடவ குடுக்குற பல்ஸ் 10 நானோசெகண்ட் ஆடுதுன்னு வைங்க, 1 செகண்ட் பாத்தா பத்து கோடில ஒரு பங்கு தப்பு, அதையே 10,000 செகண்ட் பாத்தா லட்சம் கோடில ஒரு பங்கு. அதனாலதான் குறுகிய நேரத்துக்கு கிரிஸ்டல நம்பிட்டு ஜிபிஎஸ்ஸ வச்சு மெதுவா இழுத்துப் பிடிக்கிறாங்க. ஆன்டெனாவுக்கு வானம் தெரியணும், ஜன்னலோரம் வச்சிட்டு சிக்னல் லாக் ஆகலன்னு புலம்பாதீங்க.

ஈயக்கம்பி:
நன்றிண்ணே. ஆடியோவும் 433 மெகா ரிமோட்டும்தான் பாக்குறேன். கரண்ட் போயி போயி வருமே, ஓசிஎக்ஸ்ஓ தாங்குமா?

டிரிம்பாட்:
அந்த வேலைக்கு ஓசிஎக்ஸ்ஓவே தாராளம். அணைச்சு போட்டா ஒவ்வொரு தடவையும் சூடாகி நிலைக்க நேரம் எடுக்கும், பழைய இடத்துக்கே அச்சு அசலா திரும்பாது, அதனால 12 வோல்ட் மாடல் பாத்து பேட்டரியோட விட்டு எப்பவும் ஓடவிடுங்க. அப்பப்ப கூட்டாளி யாராவது வச்சிருக்க ஜிபிஎஸ்டிஓ கூட ஸ்கோப்ல ஒப்பிட்டு டியூனிங் வோல்டேஜ தட்டிக்கலாம். அப்புறம் வாங்கும்போது சைன் வேவா ஸ்கொயர் வேவான்னு கேளுங்க, கவுன்டர் ரெண்டையும் ஏத்துக்குதான்னு மேனுவல்ல பாருங்க. ரெண்டு மெஷினுக்கும் டி கனெக்டர் போட்டு பிரிக்காதீங்க, ஆளுக்கொரு பஃபர் (ஒண்ணு இன்னொண்ண பாதிக்காம பிரிச்சுவிடுற ஆம்ப்) போட்டு 50 ஓம்ல குடுங்க.