ஆன்டிகோனி பண்ணது பிடிவாதமா?

பாம்பன்புள்ள:
எம்.ஏ. படிக்கிறேன், பழைய கிரேக்க நாடகக்காரர் சோபோக்ளிஸோட ஆன்டிகோனி நாடகம் பாடத்துல இருக்கு. அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டு செத்துர்றாங்க, ராஜா கிரியோன், அவங்க தாய்மாமன்தான், ஒருத்தனுக்கு மரியாதையா அடக்கம், பாலினைசஸ் துரோகி அவன நாயும் கழுகும் திங்கட்டும், மண்ணு போட்டா சாவுன்னு சொல்லிர்றான். கூடப்பொறந்தவ ஆன்டிகோனி போய் போடுறா. கிளாஸ்ல அவளும் பிடிவாதக்காரி, ரெண்டு பக்கமும் தப்புன்னு முடிச்சிட்டாங்க, எனக்கு மனசே ஆறல. ராத்திரி அப்பத்தாகிட்ட சொன்னேன், பாசி எடுக்கப் போற ஆளு, விரல்ல சுத்துன துணிய அவுத்துக்கிட்டே "பொணத்த கெடக்க விட்டுட்டு எப்புடித்தா சோறு எறங்கும்"னு கேட்டுச்சு. இத பரீட்சையில எப்படி எழுதுறது?

உப்பங்கழி:
தங்கச்சி, அப்பத்தா சொன்னதுலேர்ந்தே ஆரம்பிங்க. கிரேக்கத்துலயும் பொணத்த குளிப்பாட்டி துணி போத்தி ஒப்பாரி வைக்கிறது வீட்டுப் பொம்பளைங்கதான், அந்த அழுகையக்கூட கிமு 6ஆம் நூற்றாண்டுல ஏதென்ஸ்ல சோலோன் சட்டம் போட்டு கொறச்சாரு. நாடகம் வந்தது கிமு 441 வாக்குல. அவ புதுசா ஒரு உரிமையும் கேக்கல, தன்னோட வேலைய செஞ்சா, குறுக்க வந்தது ராஜாதான். காவக்காரன் சொல்ற எடத்த திரும்ப படிங்க, மொத தடவ போட்ட மண்ண அவனுங்க தட்டி விட்டுர்றாங்க, அவ வந்து பாத்துட்டு குஞ்சு இல்லாத கூட்ட பாத்த பறவ மாதிரி கத்துறா, அப்புறம் காஞ்ச மண்ண கையால அள்ளிப் போட்டு வெண்கலச் செம்புலேர்ந்து மூணு தடவ ஊத்துறா. நம்ம கரையில போட்டு கவுந்து ஆள் கெடைக்காத வீட்டுல நான் உக்காந்திருக்கேன், பொணமாச்சும் வந்தா போதும்னு அழுவாங்க. பிடிவாதம்னு என்னால சொல்ல முடியாது.

தொண்டித்துறை:
நாடு, சட்டம்னு பேசுன கிரியோன், மாட்டுனது பொண்ணுன்னு தெரிஞ்சதும் பேச்ச மாத்துறான் பாருங்க, இவள சும்மா விட்டா நான் ஆம்பள இல்ல இவதான் ஆம்பள, நான் உசுரோட இருக்கறவரைக்கும் பொம்பள ஆள முடியாதுங்குறான். மகன் ஹேமோன், அவள கட்டிக்கப்போற முறைமாப்பிள்ள, ஊரே அவளுக்காக உள்ளுக்குள்ள அழுவுது, ஒரே ஆளுக்கு சொந்தம்னா அது ஊரே இல்லங்குறான், கேக்கல. ஆனா தன் தங்கச்சி இஸ்மினிய ஆன்டிகோனி திட்டுற எடம் எனக்கு உறுத்தும். நாம பொம்பளைங்க, ஆம்பளைங்களோட மல்லுக்கட்ட முடியாதுன்னு பயந்தவதான், அப்புறம் நானும் கூட சாகுறேன்னு வந்து நிக்கிறா. அவளயும் எழுதுங்க.

பாம்பன்புள்ள:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே, இஸ்மினிய நான் யோசிக்கவே இல்ல. இன்னொன்னு, மொதல்ல குகையில அடைச்ச பொண்ண விடு, அப்புறம் பொணத்த அடக்கம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியும் கிரியோன் பொணத்துக்கிட்டதான் மொதல்ல போறான், குகைக்கு வர்றப்ப அவ துணியில தூக்கு போட்டுக்கிட்டா. ஏன் மாத்திப் போனான்?

உப்பங்கழி:
குருட்டு ஜோசியர் டைரிசியஸ் சொன்ன தெய்வக்குத்தத்துக்கு பயந்துதான் போனான்னு எனக்கு படுது. அந்தப் புள்ளைக்கு பண்ண அநியாயம் அப்பவும் அவன் கண்ணுல பெருசா படல.