மறு: ‘ஃபோர்பியரன்ஸ்’ – ட்ராய் கட்டண ஆணைகளுக்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செல்பேசிக் கட்டணம் பற்றி நுகர்வோருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆணை, ஒழுங்குவிதி, பரிந்துரை, கலந்தாய்வுத் தாள் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. ‘ஃபோர்பியரன்ஸ்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. செல்பேசிக் கட்டணங்கள் ‘அண்டர் ஃபோர்பியரன்ஸ்’ என்று ட்ராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியைப் பார்த்தால் பொறுமை, சகிப்பு, பொறை என்கிறது. ட்ராய் யாரைச் சகித்துக்கொள்கிறது என்று வாசகர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குக் ‘கட்டணக் கட்டுப்பாடு நீக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அன்புடன்,
க.செ.

-----

> இப்போதைக்குக் ‘கட்டணக் கட்டுப்பாடு நீக்கம்’ என்று போட்டிருக்கிறேன்.

க.செ. அவர்களுக்கு,

அதை மட்டும் போடாதீர்கள். கட்டுப்பாடு எங்கேயும் நீங்கவில்லை. அதிகாரம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, இப்போது அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். நாம் தேடும் சொல் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1997ஆம் ஆண்டு ட்ராய் சட்டத்தின் 11(2)ஆம் பிரிவைப் பாருங்கள். தொலைத்தொடர்புச் சேவைகளை என்ன கட்டணத்தில் வழங்க வேண்டும் என்று அவ்வப்போது அரசிதழில் ஆணை வெளியிடும் அதிகாரத்தை அது ட்ராய்க்குத் தருகிறது. ட்ராய் வெறும் யோசனை சொல்லும் அமைப்பு என்ற நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது. உரிமம், அலைக்கற்றை ஏலம் போன்றவற்றில் அது பாதி உண்மை. அங்கே ட்ராய் தருவது பரிந்துரைதான், மத்திய அரசு ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம், மாற்றலாம். கட்டணத்தில் கதை வேறு. ட்ராய் போடும் ஆணையே செல்லும். பிடிக்காத நிறுவனம் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். (தகராறுகளைத் தீர்க்கும் வேலையை 2000இல் சட்டத்தைத் திருத்தி ட்ராயிடமிருந்து பிரித்துத்தான் அந்தத் தீர்ப்பாயத்தை உண்டாக்கினார்கள்.)

அந்தக் கட்டண அதிகாரத்தை வைத்து 1999இல் வந்ததுதான் தொலைத்தொடர்புக் கட்டண ஆணை. இன்றுவரை அதற்குத்தான் திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எழுபதைத் தொட்டாயிற்று. ஃபோர்பியரன்ஸுக்கு அதிலேயே விளக்கம் இருக்கிறது: ஒரு சேவைக்கு ட்ராய் இப்போதைக்குக் கட்டணம் எதையும் அறிவிக்கவில்லை, ஆகவே நிறுவனம் தன் விருப்பப்படி கட்டணம் வைத்துக்கொள்ளலாம். அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ‘நீக்கம்’ அடிபடுவது அந்த இடத்தில்தான். கட்டுப்பாடு நீக்கம் என்றால் மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி. இங்கே கயிறு கழுத்தில்தான் இருக்கிறது, நீளமாக விட்டிருக்கிறார்கள்.

2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 28 நாள் தொடக்கத் திட்டம் 155 ரூபாயிலிருந்து 189 ஆனது, ஏர்டெலுடையது 179இலிருந்து 199 ஆனது. கட்டணம் ஃபோர்பியரன்ஸில் இருக்கிறது, சந்தைதான் அதைத் தீர்மானிக்கிறது என்று அரசு விளக்கம் கொடுத்தது. உடனே பேச்சு எல்லாம் ‘ட்ராயால் தலையிட முடியாது’ என்று ஆகிவிட்டது. முடியாது என்பது தவறு. தலையிடவில்லை என்பதுதான் சரி. கையேட்டில் இந்த ஒரு வித்தியாசம் தெளிவாக வந்துவிட்டால் போதும் என்பேன்.

தலையிட முடியும் என்பதற்கு எங்கேயும் போய்த் தேட வேண்டாம். ஒரு நாளில் நூறு குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு வாங்க வேண்டும் என்று 2012இல் வைத்தார்கள், 2020இல் எடுத்தார்கள். வெளி மாநிலம் போனால் வரும் ரோமிங் அழைப்புக்கு உச்சவரம்பு 75 காசாக இருந்ததை 2015 மே மாதம் 45 காசாக இறக்கினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் தளத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைக்கக் கூடாது என்று ஒழுங்குவிதி போட்டார்கள். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ இந்தியாவில் படுத்தது அதனால்தான். மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், உச்சம் 50 லட்சம். ஒரு ஜிபி இத்தனை ரூபாய் என்று ட்ராய் அன்றும் சொல்லவில்லை. தொகையை விட்டுவிட்டு, விலை வைக்கும் முறையில் மட்டும் கை வைத்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் 28 நாள் கணக்கு. மாதாமாதம் ரீசார்ஜ் என்று நினைத்துக்கொண்டு 28 நாள் பேக் போடுகிறவர் ஜனவரி 1ஆம் தேதி தொடங்கினால் அடுத்தது ஜனவரி 29. அதற்கடுத்தது பிப்ரவரி 26, அப்புறம் மார்ச் 26. டிசம்பர் 30 வரை ஓட்டுவதற்கே பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டியிருப்பார். வீட்டில் சம்பளத் தேதிக்கும் ரீசார்ஜ் தேதிக்கும் ஒட்டவே ஒட்டாது. 2022 ஜனவரியில் வந்த 66ஆம் திருத்தம் இதைத்தான் பிடித்தது. ஒவ்வொரு வகையிலும் 30 நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. 31ஆம் தேதி போட்டவருக்கு அடுத்த மாதத்தில் அந்தத் தேதி இல்லாவிட்டால்? மாதத்தின் கடைசி நாள் என்று அதையும் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்தப் பேக் எத்தனை ரூபாய் என்பதில் ஒரு வார்த்தை இல்லை. நாட்களைத் தொட்டது, ரூபாயை விட்டுவைத்தது.

இந்த வாக்கியத்தை எழுதும்போது சொல் தானாகவே வந்துவிட்டது, கவனித்தீர்களா? ‘விட்டுவைத்தது.’ அதனால் என் பரிந்துரை: விட்டுவைப்பு. ‘விட்டுவிடுதல்’ என்றால் முடிந்த கதை. ‘விட்டுவைத்தல்’ என்றால், கை எட்டும் தூரத்தில் இருந்தும் இப்போதைக்குத் தொடவில்லை என்று பொருள். அறுவடையின்போது விதைக்காக நாலு காயை விட்டுவைப்போம், பழைய சுவரை இடிக்காமல் விட்டுவைப்போம். ஆணையில் உள்ள அந்த ‘இப்போதைக்கு’ தமிழில் ‘வை’ என்ற துணைவினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘கட்டண விட்டுவைப்பு’, ‘விட்டுவைப்பில் உள்ள சேவைகள்’, ‘விட்டுவைப்பை விலக்கி ஆணையிடுதல்’ என்று வாக்கியத்தில் வளைத்துப் பார்த்தேன், வளைகிறது.

ஒன்று கூடுதலாக. விட்டுவைத்தாலும் கணக்குக் கேட்கிறார்கள். புதுக் கட்டணம் அறிமுகமான ஏழு வேலை நாட்களுக்குள் நிறுவனம் ட்ராயிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2024 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது, டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சு, குறுஞ்செய்தி மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள், இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்க மட்டும் பணம் கட்டுகிறவர்கள், இவர்களுக்காக. ஜனவரியில் நிறுவனங்கள் பேக்குகளைக் கொண்டுவந்தன. இவற்றைப் பரிசீலிப்போம் என்று ட்ராய் வெளிப்படையாகச் சொன்னது. சில நாட்களுக்குள் ஜியோவின் 458 ரூபாய் பேக் 448 ஆனது, 1,958 ரூபாய் பேக் 1,748 ஆனது. தற்செயலோ என்னவோ! கட்டுப்பாடு நீங்கிய துறையில் இப்படி நடக்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அன்புடன்,
இரா.மு.

-----

> அதனால் என் பரிந்துரை: விட்டுவைப்பு.

இரா.மு. அண்ணா,

விளக்கம் பிரமாதம், சொல்தான் உறுத்துகிறது. ‘போனால் போகுதுன்னு உன்னை விட்டு வச்சிருக்கேன்’ என்று தெருவில் மிரட்டுகிற குரல் காதில் கேட்கிறது. அரசிதழில் போடுகிற சொல்லுக்குக் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா?

இன்னொன்று, இந்தச் சொல் தொலைத்தொடர்பின் தனிச் சொத்து இல்லை. நான் வங்கியில் இருந்தவன். மறுசீரமைத்த கடனை வாராக்கடனாக வகைப்படுத்தாமல் இருக்க ரிசர்வ் வங்கி கொடுத்திருந்த சலுகையையும் ‘ரெகுலேட்டரி ஃபோர்பியரன்ஸ்’ என்றுதான் சொன்னோம். 2015 ஏப்ரல் 1 முதல் அதை நிறுத்தினார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் வழக்குப் போடாமல் இருப்பதையும் இதே சொல்லால் சொல்வார்கள். மூன்றுக்கும் பொதுவாக ‘தலையிடாமை’ என்று வைத்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் புரியும், யாரையும் மிரட்டாது.

கேபிள் டிவி பக்கமும் பாருங்கள், அதையும் ட்ராய்தான் கவனிக்கிறது. சேனல் விலை ஃபோர்பியரன்ஸில் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஏகப்பட்ட நிபந்தனை. அதற்கு ‘விட்டுவைப்பு’ எப்படிப் பொருந்தும்?

அ.வே.

-----

> மூன்றுக்கும் பொதுவாக ‘தலையிடாமை’ என்று வைத்துவிட்டால் என்ன?

தம்பி,

தலையிடாமை நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அரசு சந்தையில் கை வைக்கக் கூடாது என்ற பொருளாதாரக் கொள்கைக்குத் ‘தலையிடாக் கொள்கை’ என்று பாடநூல்களில் எழுதி வருகிறோம். அது ஒரு நம்பிக்கை. ட்ராய் செய்வது நம்பிக்கை அல்ல, நிலவரம் பார்த்து எடுக்கும் முடிவு. அந்த முடிவை மாற்றச் சொல்லி நிறுவனங்களே போய் நின்றதும் உண்டு. விலைப்போரில் எல்லோரும் நொந்துபோயிருந்த சமயத்தில், 2019 டிசம்பரில், கட்டணத்துக்குத் தரைவிலை (இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற வரம்பு) நிர்ணயிக்க வேண்டுமா என்று ட்ராய் ஒரு கலந்தாய்வுத் தாளே வெளியிட்டது. வாடிக்கையாளரைக் காக்க உச்சவரம்பு கேட்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே விற்கிறவர்களே ‘எங்களை விட்டுவைக்காதீர்கள்’ என்று கேட்ட கதை! ‘தலையிடாமையை விலக்கித் தரைவிலை’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு புரள்கிறதா?

வங்கியில் விதி இருக்கிறது, குறிப்பிட்ட கடனுக்கு அதைப் பாய்ச்சாமல் இருந்தார்கள். அதற்குச் ‘சலுகை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே நிற்கட்டும். அமெரிக்காவில் இன்னொரு மாதிரி. சட்டத்தில் உள்ள பிரிவையே ஒரு சேவைக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி காரணம் காட்டித் தீர்மானிக்க வேண்டும். 2015இல் இணையச் சேவையைப் பொதுச் சேவைப் பிரிவுக்குள் கொண்டுவந்தபோது, கட்டண நிர்ணயம் உட்படப் பலவற்றை அப்படி ஒதுக்கி வைத்தார்கள். இந்தியாவில் கட்டணம் அறிவிக்காமல் இருந்தாலே போதும், அதுவே ஃபோர்பியரன்ஸ். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்துக்கு ‘வழக்காடாதிருத்தல்’ இருக்கட்டும்.

கேபிள் உதாரணத்துக்கு நன்றி, அது என் பக்கம்தான் பேசுகிறது. 2022 நவம்பர் திருத்தத்தில் சேனலின் தனி விலையைத் தொடர்ந்து ஒளிபரப்பாளர் விருப்பத்துக்கே விட்டார்கள். ஆனால் 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. விலையை விட்டுவைத்து, தொகுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். இணைப்புக்கான வலையமைப்புக் கட்டணம் இன்னும் தெளிவான உதாரணம். முதலில் 100 சேனலுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்து, அதையும் ஃபோர்பியரன்ஸில் போட்டார்கள். நேற்றுவரை வைத்திருந்த வரம்பை இன்று எடுத்தார்கள், வேண்டுமென்றால் நாளை திரும்ப வைக்கலாம். ‘விட்டுவைத்தார்கள்’ என்பதை விடப் பொருத்தமாக எப்படிச் சொல்வது?

மிரட்டல் வாடை வீசுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வாடை கொஞ்சம் இருக்கட்டும் என்பேன். ஒழுங்குமுறை ஆணையம் என்றால் நிறுவனங்களுக்கு ஓர் உதறல் இருக்கத்தானே வேண்டும்? அரசிதழுக்கான முழு வடிவமாகக் ‘கட்டண நிர்ணய விட்டுவைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம், நாலு வார்த்தை நீண்டாலே அரசாங்கக் களை வந்துவிடும்.

க.செ. அவர்கள் கையேட்டில் இப்படி எழுதலாம்:

‘செல்பேசிக் கட்டணங்கள் பெரும்பாலும் விட்டுவைப்பில் உள்ளன. அதாவது, கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ட்ராய்க்கு உண்டு, இப்போதைக்கு அதைப் பயன்படுத்தாமல் நிறுவனங்களின் முடிவுக்கு விட்டிருக்கிறது. கிராமப்புறத் தரைவழித் தொலைபேசி, ரோமிங் போன்ற சில மட்டும் விட்டுவைப்புக்கு வெளியே உள்ளன, அவற்றுக்கு ட்ராய் உச்சவரம்பு வைத்திருக்கிறது.’

‘பெரும்பாலும்’ என்பதை மறக்காமல் போடுங்கள், யாராவது ரோமிங் பில்லை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கையேட்டில் ‘நான்-பிரிடேட்டரி’ கட்டணம் என்பதற்கும் சொல் வேண்டுமென்றால் தனி இழை தொடங்கிவிடுங்கள், இதிலேயே கலக்க வேண்டாம். போட்டியாளரைச் சந்தையை விட்டு விரட்ட அடக்க விலைக்கும் கீழே விற்பதைத்தான் அங்கே தடுக்கிறார்கள். யாராவது ‘அடிமாட்டு விலைத் தடை’ என்று முன்மொழிந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

அன்புடன்,
இரா.மு.