ஹோர்ட்டன் சமவெளியில் மரைக்குப் பாண் கொடுக்கலாமா?

கொட்டகலையான்:
வணக்கம். ஜனவரியில் மட்டக்களப்பிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது, பிள்ளைகளை ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். இரண்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டால் வாகனம் நிறுத்தும் இடத்திலேயே மரை (பெரிய காட்டு மான்) வந்து கையிலிருந்து சாப்பிடும், பிள்ளைகள் தொட்டுப் படம் எடுக்கலாம் என்கிறார் வேன்காரர். இரவில் நுவரெலியாப் பக்கம் தேவாங்கு காட்டவும் ஓர் ஆள் இருக்கிறாராம், பார்க்காவிட்டால் காசு வேண்டாமாம். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை, ஆனால் இவ்வளவு தூரம் வந்து பிள்ளைகள் ஒன்றும் பார்க்காமல் போனாலும் கவலைதான். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டிப்பொலவாசி:
பாண் வேண்டவே வேண்டாம் தம்பி. மரை புல்லும் இலையும் தின்று அசைபோடும் மிருகம், பாணும் பிஸ்கட்டும் அதன் வயிற்றுக்கு ஒத்துவராது, அதைவிட மோசம், சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கிவிடும், அப்படியே செத்த மரைகளும் உண்டு. அதனால்தான் வாசலில் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூட உரித்து எடுக்கிறார்கள். கொம்புள்ள ஆண் மரை சாதுவாகத்தான் நிற்கும், ஆனால் சும்மா தலையைத் திருப்பினாலே பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் பட்டுவிடும்.

பாண் இல்லாமலே மரை பார்க்கலாம். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் அவை காட்டைவிட்டுப் புல்வெளிக்கு மேய வரும். காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போங்கள், வேனை மெதுவாக விடச்சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்து பாருங்கள். உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்கும் காலையில்தான் போகவேண்டும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிட்டால் பள்ளம் தெரியாது.

சீத்தாஎலிய அக்கா:
அந்த "பார்க்காவிட்டால் காசு வேண்டாம்" என்ற பேச்சுதான் எனக்குப் பயம். காட்டினால்தான் சம்பளம் என்றால் அந்த ஆள் கிளையை உலுக்குவார், நேரே கண்ணில் டோர்ச் அடிப்பார், வேறு என்ன செய்வார்? மலைக்காட்டுத் தேவாங்கு இந்த மத்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை, அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்து, 2010-ல்தான் அதன் படம் முதன்முதலாக வெளியே வந்தது. இருட்டில் பார்க்கவென்றே அமைந்த பெரிய கண்கள் அதற்கு. யாரோடு போனாலும், சிவப்பு வெளிச்சம்தானா, ஃபிளாஷ் அடிக்கவிடமாட்டீர்களா, கொஞ்ச நேரத்தில் விலகி வந்துவிடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கென்றால் நுவரெலியா டவுனிலேயே விக்டோரியா பூங்கா இருக்கிறது. ஜனவரியில் அங்கே இந்தியாவிலிருந்து வந்த ஆறுமணிக்குருவி பற்றைக்கடியில் இலையைக் கிளறிக்கொண்டு திரியும், சத்தம் போடாமல் ஓரிடத்தில் நின்றால் அதுவே கிட்ட வரும். ஃபோனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம், எதிரி வந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

மஸ்கெலியாத் தம்பி:
அக்கா சொன்னதோடு ஒன்று. முடிந்தால் தோட்டத்துப் பெடியன்கள் யாரையாவது வழிகாட்டியாகப் பிடியுங்கள். 2020 மே மாதம் எங்கள் பக்கம் நல்லதண்ணி என்ற ஊரில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் சிக்கிச் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணி பெரும்பாலும் பன்றிக்குத்தான் வைப்பார்கள், மாட்டுவது சிறுத்தை. காட்டைக் காட்டி நாலு காசு கிடைக்கும் பெடியன் கண்ணியைக் கண்டால் பேசாமல் போகமாட்டான், அதிகாரிகளிடம் சொல்வான், இதை நான் மனதார நம்புகிறேன். சிறுத்தையைக் கண்டால் எந்தத் தோட்டம், எந்த மலை என்று பேஸ்புக்கில் போடாதீர்கள்.

கொட்டகலையான்:
எல்லாருக்கும் நன்றி. பாணும் இல்லை, தேவாங்கு ஆளும் வேண்டாம் என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். கொட்டகலையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரிவரும்?

பட்டிப்பொலவாசி:
மூன்றரைக்கு. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி பிடித்திருக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பி எடுங்கள். சாப்பாட்டை வாழை இலையில் கட்டுங்கள், அந்த இலையையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.