செயற்கைக்கோள் படத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கு மேடாகத் தெரிகிறது: காரணமும் தீர்வும் வேண்டும்

நிலவரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் புவியியல் அறைச் சுவருக்காகச் செயற்கைக்கோள் படம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். நீலகிரியின் வடசரிவு, அதன் அடியில் விரியும் சீகூர் மேட்டுநிலம், அதை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடும் மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு, கடைசியில் அந்த ஆறு சேரும் பவானிசாகர் நீர்த்தேக்கம் ஆகிய நான்கும் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பது என் விருப்பம். இதற்காகச் சென்டினல்-2 செயற்கைக்கோள் ஜனவரி மாதத்தில் எடுத்த, மேகமே இல்லாத ஒரு படத்தைப் பதிவிறக்கி, சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைச் சேர்த்து இயல்பு நிறத்தில் அமைத்தேன்.

நிறங்களில் குறை இல்லை. ஆனால் நிலத்தின் மேடுபள்ளம் தலைகீழாகத் தெரிகிறது. பள்ளத்தாக்கு நீண்ட மலைமுகடாகவும், ஆறு அந்த முகட்டின் உச்சியில் ஓடுவதாகவும் தோன்றுகிறது. வடசரிவில் இறங்கும் ஓடைகளும் அப்படியே முதுகெலும்புகளாகப் புடைத்து நிற்கின்றன. திரையில் பார்த்த மாணவி ஒருத்தி, “ஆறு எப்படி டீச்சர் மலைமேல் ஏறியது?” என்று கேட்டுவிட்டாள்.

படத்தை மீண்டும் பதிவிறக்கிப் பார்த்துவிட்டேன். வடக்கு மேலேதான் இருக்கிறது. மசினகுடியும் தெப்பக்காடும் அணையும் வரைபடத்தில் உள்ள இடங்களிலேயே சரியாக விழுகின்றன. ஆகவே படம் இடவலமாகப் புரண்டிருக்க வாய்ப்பில்லை. அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்து, காடு சிவப்பாகத் தெரியும்படி மாற்றிய பின்பும் மேடுபள்ளத் தோற்றம் மாறவில்லை. தரவில் பிழையா, மென்பொருளில் நான் எதையாவது மாற்ற வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வண்ணப்பட்டை

ஒளிமாறுபாட்டை அளவுக்கு மீறிக் கூட்டியிருந்தால் நிழல்கள் கறுத்து இவ்வாறு தோன்றலாம். ஒவ்வொரு பட்டையிலும் மிகக் குறைந்த 2 விழுக்காட்டையும் மிகக் கூடிய 2 விழுக்காட்டையும் வெட்டிவிட்டு, இடைப்பட்ட மதிப்புகளை மட்டும் விரித்துப் பாருங்கள்.

நிலவரை

நீங்கள் சொன்னபடி செய்தேன். நிழல்கள் மென்மையாயின, ஆனால் பள்ளத்தாக்கு இன்னும் மேடாகவே நிற்கிறது. சற்று உயரம் குறைந்த மேடு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற நில அளவையர்

அம்மா, உங்கள் தரவிலும் பிழை இல்லை, மென்பொருளிலும் பிழை இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. படத்தில் வெளிச்சம் கீழிருந்து வருகிறது. ஒருவருடைய முகத்துக்குக் கீழே டார்ச் விளக்கைப் பிடித்தால் மூக்கும் கன்னமும் எப்படி அடையாளம் மாறிவிடுகின்றனவோ, அதே குழப்பம்தான் இங்கே நிலத்துக்கு நேர்ந்திருக்கிறது.

சென்டினல்-2 ஏறத்தாழ 786 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனோடு இயைந்த சுற்றுப்பாதையில் செல்வது. அது எந்த இடத்தைக் கடந்தாலும் அவ்விடத்துச் சூரிய நேரப்படி காலை பத்தரை மணியை ஒட்டியே கடக்கும்படி பாதையை அமைத்திருக்கிறார்கள். போதிய வெயில் வேண்டும், அதே சமயம் பகல் ஏற ஏறத் திரளும் மேகங்களுக்கு முன்னால் படத்தை எடுத்துவிடவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் பொருந்துவதாலும், லாண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் நேரத்தோடு ஒத்துப்போவதாலும் இந்த வேளையைத் தேர்ந்தார்கள். ஜனவரி மாதத்துக் காலைப் பத்தரைக்கு நீலகிரியில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். வடக்கு மேலே உள்ள படத்தில் தென்கிழக்கு என்பது கீழ் வலது மூலை. அப்படியானால் நிழல்கள் மேல் இடது மூலையை நோக்கி விழும்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கு மேற்கிலிருந்து கிழக்காக நீள்வதால் இந்த மயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். அதன் வடகரைச் சுவர் தெற்கு நோக்கி நிற்பதால் வெயிலை வாங்கிப் பளிச்சிடுகிறது. தென்கரைச் சுவர் வடக்கு நோக்கி நிற்பதால் இருளில் கிடக்கிறது. மேலே வெளிச்சம், கீழே நிழல் என்ற இந்த அடுக்கைக் காணும் கண், மேலிருந்து ஒளி விழும் ஒரு முகட்டையே கற்பனை செய்துகொள்கிறது. நிலவின் குழிகள் சில படங்களில் கொப்புளங்களாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

வரைபடக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் வெளியான டுஃபூர் வரைபடத் தொகுதியில் ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாகவே நிழல் தீட்டினார்கள். அந்த நாட்டில் நண்பகலை ஒட்டிய எந்த வேளையிலும் சூரியன் அந்தத் திசையில் நிற்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. படிப்பவரின் கண்ணுக்கு மலை மலையாகத் தெரிய வேண்டும் என்பதையே அவர்கள் முதன்மையாகக் கருதினார்கள். இன்றுவரை மலைநிழல் வரைபடங்களில் 315 டிகிரி, அதாவது வடமேற்கு, என்ற ஒளித்திசை வழக்கத்தில் இருப்பது அதனால்தான்.

ஒன்றைச் செய்து பாருங்கள். படத்தை 180 டிகிரி திருப்பி, தெற்கு மேலே வருமாறு வைத்தால் ஆறு உடனே பள்ளத்தில் இறங்கிவிடும்.

நிலவரை

ஐயா, திருப்பியவுடன் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகிவிட்டது! காரணம் இப்போது தெளிவாக விளங்குகிறது. அப்படியானால் திருப்பிய படத்தையே அச்சிட்டுவிடலாமா?

வண்ணப்பட்டை

தாராளமாக அச்சிடலாம் என்பேன். ஊர்ப்பெயர்களைத் திருப்பிய பிறகு எழுதிக்கொண்டு, வடக்கு கீழே என்று ஓர் அம்புக்குறி போட்டால் போதும். விண்வெளியில் மேல், கீழ் என்று எதுவும் கிடையாதே.

ஓய்வுபெற்ற நில அளவையர்

வகுப்பறைச் சுவர் என்பதால் நான் இதற்கு உடன்பட மாட்டேன். பிள்ளைகள் அதே அறையில் வடக்கு மேலே உள்ள தமிழ்நாட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு இந்தப் படத்துக்கு வருவார்கள். மோயாறு இங்கே வலமிருந்து இடமாக ஓடுவதைக் கண்டால், ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றைத் தந்தவர்களாவோம். திருப்பிப் பார்ப்பது நோயை அறியும் சோதனைக்கு நல்லது. மருந்தாகக் கொள்ள வேண்டாம்.

தொலையுணர்வு மாணவன்

ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படத்தோடு வரும் விவரக் கோப்பில் படம் எடுத்த கணத்தில் சூரியன் இருந்த திசைக்கோணமும் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளந்த கோணம்) அடிவானத்துக்கு மேல் அதன் உயரக்கோணமும் பதிவாகியிருக்கும். சென்டினல் கோப்பில் உயரக்கோணத்துக்குப் பதிலாகத் தலையுச்சியிலிருந்து அளந்த கோணமே தரப்பட்டிருக்கும். அதை 90 இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். லாண்ட்சாட் கோப்பில் நேரடியாகவே உயரக்கோணம் இருக்கும். இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் இதை மறந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நீலகிரியின் அட்சரேகையான 11.4 டிகிரி வடக்கை வைத்துக் கணக்கிட்டேன். ஜனவரி நடுவில் காலைப் பத்தரைக்குச் சூரியனின் திசைக்கோணம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 145 டிகிரி, உயரம் ஏறத்தாழ 50 டிகிரி. சரிவு 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், தெற்கு நோக்கிய சரிவு வடக்கு நோக்கிய சரிவைப் போல ஐந்து மடங்கு நேரடி வெயில் பெறுகிறது. மேடுபள்ளம் இத்தனை அழுத்தமாகப் புரண்டு தெரிவதற்கு இந்த ஐந்து மடங்கே காரணம்.

நாம் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நீலகிரியில் நண்பகல் சூரியன் தலையுச்சிக்கு வடக்கே நிற்கிறது. மே நடுவில் காலைப் பத்தரைக்கு அதன் திசைக்கோணம் ஏறத்தாழ 68 டிகிரி, உயரம் 67 டிகிரி. அதாவது வெளிச்சம் படத்தின் மேல் வலப்புறத்திலிருந்து வருகிறது. அதே 45 டிகிரிச் சரிவுக்கு இப்போது வடக்கு நோக்கிய சுவரே தெற்கு நோக்கியதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கூடுதல் வெயில் பெறுகிறது. நிழல் மெலிதாக இருந்தாலும் கண்ணுக்கு உவப்பான பக்கத்தில் விழுகிறது. குமாவுன் இமயமலையைப் படமாக்குவோருக்கு இந்த வாய்ப்பு இல்லை; அங்கே காலைப் பத்தரைக்கு ஜூன் மாதத்திலும் சூரியன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கில்தான் இருக்கும். நியூசிலாந்தின் மலைகளிலோ சூரியன் எப்போதும் வடபுறத்தில் இருப்பதால் அவர்களுடைய படங்களில் இந்த மயக்கம் அரிது.

ஆகவே மே மாதப் படத்தைத் தேடுங்கள். சீகூரும் மோயாறும் நீலகிரியின் மழைமறைவில் இருப்பதால், தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய காலைகளில் அங்கே தெளிந்த வானம் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. கோடைமழை பெய்த பிறகு கிடைக்கும் படமாக இருந்தால், உலர்காலத்தில் இலையுதிர்த்துப் பழுப்பாகக் கிடக்கும் அந்தக் காடுகள் துளிர்த்துப் பச்சையாகவும் தெரியும்.

நிலவரை

மே மாதப் படத்தைத் தேடிக்கொண்டே, இடையில் இன்னொரு வழியையும் முயன்றேன். க்யூஜிஐஎஸ் மென்பொருளில், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் அளந்த, 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக அமைந்த நில உயரத் தரவிலிருந்து 315 டிகிரி ஒளித்திசையில் மலைநிழல் அடுக்கு ஒன்றை உருவாக்கி, ஜனவரிப் படத்தின் மேல் பெருக்கல் முறையில் (ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு அடுக்குகளின் ஒளிர்வையும் பெருக்கி) கலந்தேன். மலைநிழல் அடுக்கைத் தனியே பார்த்தால் பள்ளத்தாக்கு மிக அழகாகத் தெரிகிறது. கலந்த பிறகோ இரண்டு சுவர்களும் ஒன்றுபோல் மங்கி, அழுக்குப் படிந்த பட்டையாகிவிட்டன. மலைநிழலின் அடர்த்தியைக் குறைத்தால் மீண்டும் முகடு எழும்புகிறது.

ஓய்வுபெற்ற நில அளவையர்

எதிர்பார்க்க வேண்டியதுதான், அம்மா. ஜனவரிப் படத்தில் தென்கிழக்குச் சூரியனின் உண்மை நிழல் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அதன்மேல் வடமேற்கிலிருந்து விழும் கற்பனை ஒளியின் நிழலைப் பெருக்கினால், ஒரு சுவர் உண்மை நிழலாலும் மறுசுவர் கற்பனை நிழலாலும் இருண்டுபோகும். பெருக்கல் முறை எந்த இடத்தையும் வெளிச்சமாக்காது, இருட்ட மட்டுமே செய்யும்.

தொலையுணர்வு மாணவன்

ஜனவரிப் படத்தையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால், முதலில் சரிவுத் திருத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிக்சலிலும் உள்ள சரிவையும் அது நோக்கும் திசையையும் உயரத் தரவிலிருந்து எடுத்து, அந்தச் சரிவு பெற்ற வெயிலுக்கேற்ப அதன் ஒளிர்வைக் கூட்டியோ குறைத்தோ சமன்செய்வதே அந்தத் திருத்தம். நிழல் நீங்கித் தட்டையான படம் கிடைத்த பிறகே மலைநிழலைக் கலக்கலாம். ஆனால் மோயாற்றுச் சுவர்கள் செங்குத்தானவை. பக்கவாட்டில் பார்க்கும் ரேடாருக்கு இத்தகைய சுவர்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால், அங்கே உயரத் தரவிலேயே வழுக்கள் இருக்கக்கூடும். அந்த வழுக்கள் திருத்திய படத்தில் வெண்திட்டுகளாக வெளிப்படும். முழு நிழலில் கிடந்த இடத்தைப் பன்மடங்கு பெருக்கி மேலேற்றினால் இரைச்சல்தான், அதாவது பொருளற்ற புள்ளிகள்தான், மிஞ்சும். மே மாதப் படத்தில் இத்தனை வேலையும் வேண்டியதில்லை. அதன் நிழல் மெலிது என்பதால் மலைநிழலோடு முரண்படாது. மலைநிழலை 30 முதல் 40 விழுக்காடு அடர்த்தியில் வைத்துத் தொடங்குங்கள்.

எண்டெவர் தரவுக்கு மாற்றாக, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் புவிநோக்குத் திட்டம் தரும், அதே 30 மீட்டர் இடைவெளியுள்ள உயரத் தரவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது 2011 முதல் 2015 வரை திரட்டிய அளவீடுகளிலிருந்து உருவானது, அதுவும் இலவசமே.

வண்ணப்பட்டை

நீர்நிலைகளைக் கோடாக மேலே வரைவதும் உதவும் என்று நினைக்கிறேன். ஆற்றின் மேல் மெல்லிய நீலக்கோடும் அருகில் “மோயாறு” என்ற பெயரும் இருந்தால், தண்ணீர் தாழ்ந்த இடத்தில்தான் ஓடும் என்ற அறிவு கண்ணைத் திருத்திவிடும். சீகூர் மேட்டுநிலத்துக்கும், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள நீர்த்தேக்கத்துக்கும், 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கும் உயர எண்களை எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

நிலவரை

மே மாதப் படம் கிடைத்தது. அடர்த்தியை 35 விழுக்காட்டில் வைத்து, ஆற்றுக்கோட்டையும் உயர எண்களையும் சேர்த்துவிட்டேன். பள்ளத்தாக்கு முதல் பார்வையிலேயே பள்ளமாகத் தெரிகிறது. அதே மாணவியும் ஆறு கீழே இறங்கிவிட்டதாகச் சான்றளித்தாள். ஒரே ஒரு குறை: தென்மேற்கு மூலையில், முக்குருத்திப் பக்கத்தில், கொஞ்சம் மேகம் இருக்கிறது. அந்த மூலையை மட்டும் ஜனவரிப் படத்திலிருந்து வெட்டி ஒட்டலாமா?

ஓய்வுபெற்ற நில அளவையர்

வேண்டாம். ஒட்டுமிடத்தில் பழுப்பும் பச்சையும் மோதுவது ஒருபுறம் இருக்கட்டும்; ஒரே தாளில் ஒரு மலைக்கு வெளிச்சம் கீழிருந்தும் அடுத்த மலைக்கு மேலிருந்தும் விழும். முக்குருத்தியின் பள்ளங்கள் மட்டும் முகடுகளாகிவிடும். வேறோர் ஆண்டின் மே மாதத்தில் அந்த மூலை தெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சூரியனின் திசை அதே நாளில் ஆண்டுக்கு ஆண்டு மாறாது என்பதால் அது பொருந்தும். கிடைக்காவிட்டால் சட்டகத்தைக் கிழக்கே சற்று நகர்த்தி அந்த மூலையை விட்டுவிடுங்கள். நீங்கள் முதலில் கேட்ட நான்கு நிலப்பகுதிகளில் எதுவும் அங்கே இல்லை.