புதுப்பிப்பு: மாடித் தொட்டி அத்தி, எப்போது பறிப்பது என்று தெரிந்துவிட்டது

மாடித் தொட்டியில் இருக்கும் பூனா ரக அத்தியை நிறம் மாறியதும் பறித்தால் உள்ளே சப்பென்று இருக்கிறதே, எப்போதுதான் பறிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அரிசிப் பானையில் பழுக்க வைக்கும் யோசனை பலிக்கவில்லை. நான்கு நாளில் தோல் சுருங்கி மெத்தென்று ஆனது, இனிப்பு ஏறவே இல்லை. மாங்காய் மாதிரி இல்லை அத்தி. செடியிலேயே பழுத்தால்தான் உண்டு.

கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் ஓசூர் அக்கா சொன்ன "கழுத்தைப் பாருங்கள்" என்ற குறிப்புதான். நிறம் மாறிய பிறகும் காய் சில நாள் விறைப்பாகவே நின்றது. அப்புறம் ஒரு காலையில் காம்பருகே தளர்ந்து தலை தொங்கியது. தொட்டால் காது மடல் போல மென்மை, தோலில் மெல்லிய வெடிப்பு, பழத்தின் அடியில் இருக்கும் சிறு துளையில் தேன் போல ஒரு சொட்டு. லேசாகத் தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. காம்பில் பால் வடியவில்லை. முன்பு அவசரப்பட்டுப் பறித்தபோது அந்தப் பால் பட்டு விரலெல்லாம் அரித்தது.

எதிர்பாராதது ஒன்று: தொங்கிய பழத்தை மறுநாளுக்கு விட்டேன், கொண்டைக்குருவி பாதியைத் தின்றுவிட்டது. இப்போது நிறம் மாறத் தொடங்கியதுமே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிவிடுகிறேன்.