கையை வீசினால் கொக்கு பறக்கிறது, அவ்வளவுதானா? சீன ஓவியச் சுருளை இன்டராக்டிவ் படைப்பாக்குவது பற்றி

மைக்கோடு:
வணக்கம் நண்பர்களே. சீன மலை-நீர் ஓவியங்கள் மேல் எனக்குப் பல வருடப் பித்து, அதை வைத்து ஆறு மாதமாக ஒரு இன்டராக்டிவ் படைப்பு செய்துகொண்டிருக்கிறேன். சுவர் முழுக்க புரொஜெக்‌ஷன், மேலே தூரத்தை அளக்கும் ஒரு டெப்த் கேமரா. பார்ப்பவர் கையை வீசினால் மை பரவும், மலை எழும்பும், கொக்குகள் பறக்கும். தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் வந்தார்கள், கையை வீசினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார்கள். ஓவியத்தை யாரும் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே உறுத்தல். மலைக்குப் பதிலாக மீனையோ நட்சத்திரத்தையோ வைத்தாலும் இதே நிரல் அப்படியே ஓடும். அப்படியென்றால் இதில் சீன மரபு எங்கே இருக்கிறது? இன்னொன்று, யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் மலையை 3டி-யாக வைத்து கேமராவை நகர்த்தினால் ஓவியத்தன்மையே போய்விடுகிறது. இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சுருள்வாசகன்:
முதலில் அந்தச் சுவரை விட்டு இறங்குங்கள். கைச்சுருள் ஓவியம் சுவரில் மாட்டுவதற்காக வரைந்ததே இல்லை. மேசையில் வைத்து இடது கையால் விரித்து, பார்த்து முடித்ததை வலது கையால் சுருட்டிக்கொண்டே போவார்கள், ஒரு நேரத்தில் கைகள் விரியும் அகலம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், அதுவும் வலமிருந்து இடமாக. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஜாங் ஸெதுவானின் சிங்மிங் நதிக்கரை ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 12-ஆம் நூற்றாண்டு, உயரம் சுமார் 25 செ.மீ. தான், நீளம் 5 மீட்டருக்கும் மேல். வயல், மரம், படகு என்று நிதானமாக வந்துகொண்டே இருந்துவிட்டு நடுவில் வளைந்த பாலம். பாய்மரத்தை முழுவதும் இறக்கி முடிப்பதற்குள் ஒரு படகு அதன் மேல் மோதப் போகிறது, பாலத்தில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்துக் கத்துகிறார்கள். நீங்களே கையால் உருட்டி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் நெஞ்சு பதறும். 2010 ஷாங்காய் எக்ஸ்போவில் இதையே 100 மீட்டருக்கு மேல் நீளமான அசையும் திரையாக்கிக் காட்டினார்கள், பிரமாதமான வேலைதான். ஆனால் அங்கே நாம் நடக்கிறோம், கைக்கு வேலையில்லை.

ஆக, இரண்டு மர உருளைகள், அவை எவ்வளவு சுழல்கின்றன என்று அளக்க ரோட்டரி என்கோடர், அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, கீழே திரை. இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

3டி விஷயம்: சோங் அரச வம்சக் காலத்து ஓவியர் குவோ ஷி மூன்று விதத் தொலைவு சொல்கிறார். அடிவாரத்திலிருந்து சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலைக்குள் எட்டிப் பார்ப்பது, அருகிலிருந்து தூரத்தைச் சமமாகப் பார்ப்பது. இந்த மூன்றும் ஒரே படத்தில் வந்துவிடும். எல்லாக் கோடுகளும் தூரத்தில் ஒரே இடத்தில் கூடும் ஒற்றை மறைபுள்ளி உள்ள கேமராவுக்கு அது எப்படி வரும்? தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டாத ஆர்த்தோகிராஃபிக் கேமரா போட்டு, மலைகளைத் தட்டையான அடுக்குகளாக வையுங்கள். லிங்டோங் ஹுவாங் 2018-ல் எழுதிய, பிரவுசரில் முடிவே இல்லாமல் மலைச்சுருள் வரைந்துகொண்டே போகும் நிரலையும் படியுங்கள். எல்லாம் எஸ்விஜி (கணக்கால் வரையும் பட வடிவம்) கோடுகள்தான், நிரல் திறந்தே கிடக்கிறது.

காலைநடை:
வேலை நிமித்தம் மூன்று வருடம் பெய்ஜிங்கில் இருந்தேன். அங்கே பூங்காக்களில் காலையில் பெரியவர்கள் ஆள் உயரத் தூரிகையோடு வருவார்கள், நுனியில் ஸ்பாஞ்ச். வெறும் தண்ணீரில் தொட்டுக் கல் தரையில் பழைய கவிதைகளை எழுதுவார்கள். தீஷூ என்று பெயர், தரை எழுத்து என்று சொல்லலாம். கோடைக்காலத்தில் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்து போயிருக்கும். போகிறவர் வருகிறவர் நின்று படிப்பார்கள், யாராவது ஒருவர் தூரிகையை வாங்கி ஒரு எழுத்தைத் தானும் எழுதிப் பார்ப்பார். நான் பார்த்ததிலேயே சிறந்த இன்டராக்டிவ் படைப்பு அதுதான். தூரிகை பிடிக்கிற கைக்கு அழுத்தம் உண்டு, வேகம் உண்டு, தயக்கமும் உண்டு. காற்றில் கையை வீசினால் இதெல்லாம் எங்கே பதிவாகும்?

நிழல்நிரல்:
மை பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் வழக்கமான திரவ சிமுலேஷன் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது புகை மாதிரிதான் தெரியும். மையின் குணம் பாதி தாளில் இருக்கிறது. பதப்படுத்தாத ஷுவான் தாளில் (சீன ஓவியத்துக்கான மரபுத் தாள்) வைத்த துளி இழைகளுக்குள் ஊறி ஓரம் பிசிறும், படிகாரமும் பசையும் பூசிய தாளில் அதே துளி ஊறாமல் நிற்கும். 2005-லேயே ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மோஷி என்று ஒரு முறை செய்தார்கள், தாளுக்குள் நீர் பரவுவதை லாட்டிஸ் போல்ட்ஸ்மன் என்ற திரவ ஓட்டக் கணக்கால் நிகழ்நேரத்தில் காட்டினார்கள். கட்டுரை கிடைக்கும், தேடிப் படியுங்கள். அப்புறம் ஒன்று, அந்த ஓவியங்களில் மூடுபனியைப் பெரும்பாலும் வரைவதே இல்லை, விட்டுவைத்த வெற்றுத்தாள்தான் பனி. திரையை நிரப்பாதீர்கள்.

சிவப்பு முத்திரை:
ஒரு யோசனை. சுருளைப் பார்த்தவர்கள் அதில் தங்கள் முத்திரையைக் குத்துவதும், கடைசியில் தாளை ஒட்டிக் குறிப்பு எழுதுவதும் அந்த மரபிலேயே உண்டு. 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியன்லோங் தன் சேகரிப்பில் இருந்த ஓவியங்களில் குத்திய முத்திரைகளுக்குக் கணக்கே இல்லை. உங்கள் பார்வையாளரும் ஒன்றைக் குத்தட்டும், அடுத்து வருபவருக்கு அது தெரியட்டும்.

மைக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். டெப்த் கேமராவைக் கழற்றிவிட்டேன். மேசை, இரண்டு உருளைகள், ஆர்த்தோகிராஃபிக் அடுக்குகள், அவ்வளவுதான். நேற்று ஒரு தோழி உருட்டிக்கொண்டே பாதி தூரம் போய்விட்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பவும் வலப்பக்கம் உருட்டி, தான் விட்டு வந்த ஒரு குடிசையைத் தேடிக் கண்டுபிடித்தாள். பதினைந்து நிமிடம் இருந்தாள், போனை எடுக்கவே இல்லை. முத்திரை வேலை இனிமேல்தான். கொக்குகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், உருளையை நிறுத்திக் கை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் பனிக்குள்ளிருந்து வரும்.